ஜெராக்ஸ் கடை அண்ணாவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

கல்லூரியில் நான் கொடுத்த பாலியல் துன்புறுத்தல் புகாரின் மீதான உத்தரவு வெள்ளிக்கிழமை மாலை கைக்கு வந்தது. அதில் என்ன இருந்தது என்று கூட நின்ற உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து படுத்தவள் மறுநாள் மதியம்தான் எழுந்தேன். இத்தனை மாதத்தில் அப்படித் தூங்கியதே இல்லை. இங்கே யார் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் சேர்த்து.

முதல் நன்றி தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடை அண்ணாவுக்கு. நான் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது.

புகாரையும் ஆதாரங்களையும் ஆறு பிரதி கொடுக்க வேண்டும் என்பது பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின் 2013ஆம் ஆண்டு விதி. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எனக்குப் பதினோரு நாள்தான் பாக்கி. தகுந்த காரணம் இருந்தால், புகாரை விசாரிக்கும் கல்லூரியின் உள் புகார்க் குழு அவகாசத்தை நீட்டிக்கலாம் என்பது அப்போது தெரியாது. கல்லூரிப் பக்கம் எடுத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, தெரியாத கடையாகத் தேடிப் போனேன். பதினான்கு பக்கம். அதில் ஐந்து பக்கம் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்.

அண்ணா முதல் பக்கத்தைக் கையில் எடுத்தார். தலைப்பு கண்ணில் பட்டிருக்கும். ஒன்றும் கேட்காமல் கட்டை அப்படியே கவிழ்த்து வைத்தார். மிஷினிலிருந்து வந்த ஒவ்வொரு தாளையும் கவிழ்த்து, மேலே ஒரு பழைய பேப்பரைப் போட்டு மூடினார். ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த பையன் எட்டிப் பார்த்ததும், "வெளிய நில்லுப்பா, கூப்பிடறேன்" என்றார். ஆறு செட்டையும் அடுக்கி, ஓரத்தை மட்டும் புரட்டிச் சரிபார்த்து, பின் அடித்தார். கவரில் போட்டுக் கொடுக்கும்போதுதான் பேசினார்: "நான் எதையும் படிக்கலமா. பக்க நம்பர் மட்டும்தான் பாத்தேன்."

எண்பத்து நான்கு தாள், 168 ரூபாய். இருநூறு கொடுத்தேன். 32 ரூபாயை எண்ணிக் கையில் வைத்தார். அவர் காசு வாங்கிக்கொண்டதுக்கும் நன்றி. பாவம் பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

அதுவரை விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்று கேட்டார்கள். ஏன் அங்கே போனாய், ஏன் அன்றே சொல்லவில்லை. "பேசி முடிச்சுக்கலாமே" என்றார்கள் சிலர். சமரசம் என்பது புகார் கொடுத்தவள் கேட்டால் மட்டும்தான் என்று சட்டமே சொல்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. அந்தத் தாள்களைக் கையில் வாங்கியும் படிக்காமல் விட்ட முதல் ஆள் அவர்தான். மறுநாள் காலை போய்ப் புகாரைக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம், விசாரணை நடந்த ஒவ்வொரு நாளும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நீங்கள் நான்கு பேர். நெத்திலி வறுவலோடு டப்பா கட்டி அனுப்பிய காசிமேட்டு அம்மா. ராத்திரி இரண்டு மணிக்கும் போன் எடுத்த சட்டக் கல்லூரி அக்கா. "அந்தக் கேள்வி வேண்டாம்" என்று விசாரணையில் ஒரே பேச்சில் நிறுத்திய, குழுவின் வெளி உறுப்பினர். ஒன்றும் கேட்காமல் தினமும் என்னைக் கொண்டுவிட்டுக் கூட்டிவந்த அப்பா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் மூன்று மாணவர்கள் உட்கார வேண்டும். இளங்கலை, முதுகலை, ஆய்வு என்று நிலைக்கு ஒருவர், தேர்தலில் ஜெயித்து வர வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதிமுறை இது. எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு தேர்தல் நடந்ததே இல்லை. அக்கா அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் காட்டிய பிறகு நாம் எல்லோரும் கையெழுத்து வாங்கினோம், இந்த வருஷம் நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் நிற்கப் போகிறேன். அடுத்து ஒரு பெண் கவரோடு அந்த அறைக்குள் வரும்போது எதிரே நான் இருக்க வேண்டும்.

வேட்புமனு ஜெராக்ஸ் எடுக்க உங்கள் கடைக்குத்தான் வருவேன் அண்ணா. அதை நீங்கள் தாராளமாகப் படிக்கலாம்.