மாலை போட்ட மூன்றாம் நாள்: மனநலப் பிரிவுக்கு வரப்போகும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார்களுக்கும் தங்கச்சிமார்களுக்கும்,

எம்.பி.பி.எஸ். முடித்துச் செய்யும் உங்கள் ஒரு வருஷப் பயிற்சியில் மனநலப் பிரிவுக்கு ஒதுக்கியிருப்பது இரண்டே வாரம். எம்.பி.பி.எஸ். தேர்விலும் அதற்குத் தனித்தாள் கிடையாது. பொது மருத்துவத் தாளுக்குள் ஒரு கேள்வியாக ஒட்டிக்கொண்டு வரும். அதனால் இந்த இரண்டு வாரத்தை மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கக் கிடைத்த விடுமுறை என்றே பலரும் வைத்துக்கொள்கிறார்கள். குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். அதன் விலையை வேறொருவர் கொடுத்தார். அவர் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலம். திசையன்விளைப் பக்கத்து வாழைக்காய் வியாபாரி ஒருவர், வயது நாற்பது இருக்கும், குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டிருந்தார். காளி வேஷம் கட்டுவதாக நேர்ச்சை, 41 நாள் விரதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து மாலை போட்டவர், தினம் இரண்டு குவாட்டர் குடித்துவந்ததை அன்றோடு சுத்தமாக நிறுத்திவிட்டார். செவ்வாய்க்கிழமை ராத்திரி நான்கு பேர் பிடித்துக்கொண்டு கேஷுவால்டிக்குக் கூட்டிவந்தார்கள். சிவப்பு வேட்டியில் எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “எறும்பு ஊருதுல்லா, பாத்துக்கிட்டே நிக்கீரு, தட்டி விடும்வே” என்றார். கை நடுக்கம், நெற்றியெல்லாம் வேர்வை, நாடி 130. அவர் மனைவி ஓரமாக நின்று, “சுத்தபத்தமாத்தான் இருந்தாவ, என்ன குத்தம் வந்துச்சோ தெரியலய்யா” என்று அழுதார்.

அந்த அம்மாள் சாமி குற்றம் என்று நினைத்தார். நான் ‘அக்யூட் சைக்கோசிஸ்’, அதாவது திடீரென்று வந்த மனநோய், என்று எழுதினேன். இரண்டுமே தப்பு. ஆனால் அவர் எம்.பி.பி.எஸ். படித்தவர் இல்லை. ஹாலோபெரிடால் என்ற மனநோய் ஊசி ஒன்று போட்டு, சோர்வாக இருக்கிறாரே என்று குளுக்கோஸ் பாட்டிலும் ஏற்றிவிட்டு, ‘காலையில் சைக்கியாட்ரி ஒப்பீனியன்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் படுக்கப் போனேன். விடியற்காலையில் அவருக்கு வலிப்பு வந்தது.

அவருக்கு வந்தது டெலிரியம் டிரெமன்ஸ், தினக்குடியைச் சட்டென்று நிறுத்தினால் வரும் நடுக்கமும் புத்தித் தடுமாற்றமும். தினமும் குடிக்கிறவர் மூளையில், மதுவானது காபா என்னும் அடக்கும் ரசாயனத்தின் வேலையைக் கூட்டிவிடும். குளூட்டமேட் என்னும் தூண்டும் ரசாயனத்தின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அமுக்கிவைக்கும். மூளை சும்மா இருக்காது. வண்டியைப் பின்னால் ஒருவன் பிடித்து இழுத்தால் மாடு கூடுதலாக முக்கி இழுக்கும் இல்லையா, அதுபோல மூளையும் மாதக்கணக்கில் தூண்டும் பக்கத்தைக் கூட்டி, அடக்கும் பக்கத்தைக் குறைத்து ஈடுகட்டிக்கொள்ளும். பிடித்தவன் சட்டென்று கையை விட்டால் வண்டி பாய்ந்துவிடும். கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு, 48 முதல் 96 மணி நேரத்துக்குள் டெலிரியம் என்பது வழக்கமான கணக்கு. ஞாயிறு காலை, செவ்வாய் ராத்திரி. விரல் விட்டு எண்ணியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். “கடைசியா எப்போ குடிச்சாரு?” என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. மாலை போட்டவரிடம் குடியைப் பற்றிக் கேட்பதா என்று ஒரு கூச்சம்.

காபாவின் இடத்தை நிரப்புகிற மருந்துதான் அவருக்குத் தேவைப்பட்டது: லோராசெபாம், டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு வகை. ஈரல் கெட்டிருந்தால் லோராசெபாம். ஹாலோபெரிடாலை மட்டும் தனியாகப் போட்டால் ஆட்டம் அடங்கியது போல் இருக்கும், ஆனால் அது வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்திவிடும். இது முதல் தப்பு. இரண்டாவது தப்பு அந்தக் குளுக்கோஸ் பாட்டில். மூளை குளுக்கோஸை எரிக்கத் தயமின் (வைட்டமின் பி1) வேண்டும். வருஷக்கணக்கில் சோற்றைக் குறைத்துக் குடித்தவரின் கையிருப்பில் தயமின் அநேகமாக இருக்காது. இருக்கிற கொஞ்சத்தையும் நாம் ஏற்றும் குளுக்கோஸ் செலவழித்துவிடும். அப்புறம் வெர்னிக்கே. கார்ல் வெர்னிக்கே 1881இலேயே எழுதிவைத்த நோய் இது: குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம். மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், சேர்ந்து வருவது குறைவு. சந்தேகம் வந்தாலே தயமினை நரம்பு வழியாகப் போடுங்கள், குளுக்கோஸுக்கு முன்னால். சர்க்கரை உண்மையிலேயே தாழ்ந்து கிடந்தால் குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது, இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

காலையில் ரவுண்ட்ஸ் வந்த மூத்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அவரிடம், “அண்ணாச்சி, கிழமையெல்லாம் பின்னாலிருந்து சொல்லுங்க பாப்போம், ஞாயிறு, சனி...” என்றார். “ஞாயிறு, சனி... சந்தைக்கு லாரி வந்துட்டா?” என்றார் அண்ணாச்சி. மூத்தவர் என் பக்கம் திரும்பி, “கவனம் நிக்குதா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மடல். சைக்கோசிஸ் உள்ளவர் ஊரே தனக்கு விஷம் வைக்கிறது என்று நம்புவார். ஆனால் கிழமையைப் பின்னாலிருந்து பெரும்பாலும் சொல்லிவிடுவார். உடம்புக் கோளாறால் மூளை குழம்பி டெலிரியத்தில் இருப்பவரால் முடியாது. சில மணி, சில நாளில் தொடங்கியது, காலையில் ஒன்று ராத்திரி ஒன்றாக மாறுவது, கவனம் நிற்காதது: இந்த மூன்றும் இருந்தால் அது மனநல வார்டு கேஸ் அல்ல. உடம்பில் எங்கோ தீப்பிடித்திருக்கிறது, தேடுங்கள். சோடியம், சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, நிமோனியா, தலைக்குள் ரத்தக்கட்டு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை. எண்பது வயது ஆச்சி திடீரென்று மருமகளைத் திருடி என்று ஏசத் தொடங்கினால் முதலில் சிறுநீர் போகிறாளா என்று பாருங்கள். கேஸ் ஷீட்டில் ‘சைக்’ என்ற சொல் விழுந்தவுடனே பரிசோதனை நின்றுபோகிறது. எந்த ஆஸ்பத்திரி என்றில்லாமல் எல்லா இடத்திலும் இதைப் பார்த்துவிட்டேன்.

நம் பக்கம் பூச்சிமருந்தும் அரளி விதையும் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். பூச்சிமருந்து குடித்தவருக்கு மாற்றுமருந்தாக அட்ரோபின் ஏற்றி ஏற்றி, இரண்டாம் நாள் அவர் காற்றில் நூல் பிரித்துக்கொண்டிருப்பார். உடனே ‘ஏற்கெனவே மனநோய் இருந்திருக்கும்’ என்று ஒரு குறிப்பு எழுதப்படும். தோலைத் தொட்டுப் பாருங்கள்: காய்ந்து சுடும். வயிற்றில் சத்தம் இருக்காது, மூத்திரப்பை நிரம்பியிருக்கும். அது அட்ரோபின் கூடிப்போனது; குறைக்க வேண்டும், வேண்டுமானால் லோராசெபாம் மாதிரி பென்சோடயசெபைன் கொடுக்கலாம். மேற்கொண்டு குளோர்புரோமசைன் என்ற மனநோய் மருந்தைப் போட்டால் அதற்கும் அதே குணம் உண்டு, எரிகிற வீட்டில் கொள்ளி. அரளி இன்னும் மோசம். விதையை அரைத்துக் குடித்த பிள்ளை வாந்தி நின்றதும் எழுந்து உட்கார்ந்து காபி கேட்கும். ‘ஸ்டேபிள், மனநலப் பிரிவுக்கு மாற்றலாம்’ என்று எழுதிவிடாதீர்கள். இதயத்தின் மின்னோட்டம் அதற்குப் பிறகும் அடைத்துக்கொள்ளலாம். இ.சி.ஜி. கண்ணுக்கு எதிரே ஓடிக்கொண்டே இருக்கட்டும், நாங்கள் அங்கேயே வந்து பார்க்கிறோம்.

குடும்பத்தார் எப்போதும் “தெரியாம குடிச்சுட்டா, இருமல் மருந்துன்னு நெனச்சு” என்பார்கள். போலீஸ் பயம். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இல்லவே இல்லை. இதை நீங்களே வாய்விட்டுச் சொன்னால், எதைக் குடித்தாள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற உண்மை அடுத்த நிமிஷம் வெளியே வரும். அவளிடமும் நேராகக் கேளுங்கள்: “இப்பவும் செத்துப் போகணும்னு தோணுதாம்மா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

சரி, கொஞ்சம் நரம்பியல். மூளையில் டோபமின் என்ற ரசாயனம் வேலை செய்யும் பாதைகள் நான்கையும் எல்லோரும் தேர்வுக்காக உருப்போட்டிருப்பீர்கள். எனக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்தது முக்கூடல் பக்கத்துப் பீடி சுற்றும் அக்கா ஒருவர். காதில் ஏசும் குரல் கேட்டதற்காக டோபமினை மறிக்கும் ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிட்டவர். மூன்று மாதம் கழித்து வந்து சொன்னார்: “சத்தம் நின்னுட்டு டாக்டர். ஆனா தட்டு நிறைய மாட்டேங்கு. முன்னால ஆயிரம் சுத்துவேன், இப்போ அறுநூறு தாண்டல.” குரல் நின்றது மீசோலிம்பிக் பாதை. பீடி முனையை மடக்குகிற விரல் மந்தமானது நைக்ரோஸ்ட்ரையேட்டல். எந்த அளவுகோலிலும் அந்த நானூறு பீடி வராது, கூலியில்தான் தெரியும். பிறகு நர்ஸ் தனியாகக் கேட்டபோது, மாதவிலக்கு நின்றிருப்பதும், பிள்ளை பெற்றுப் பதினாறு வருஷமான மாரில் பால் கசிவதும் தெரிந்தது. அது டியூபரோ இன்ஃபண்டிபுலர், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஏறியதால். “எதுலயும் ஒரு இது இல்ல” என்றும் சொன்னார். அது மீசோகார்ட்டிகல் பாதையா, நோயின் மிச்சமா, அல்லது நானூறு பீடிக் கூலி போன கவலையா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அளவைக் குறைத்து மருந்தை மாற்றினோம்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் பற்றி ஒன்றே ஒன்று, ஏனென்றால் இது நம் வெயிலோடு சம்பந்தப்பட்டது. சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியம் போலவே நடத்தும். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சோடியத்தோடு லித்தியத்தையும் இழுத்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் வயல் வேலை, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, அதோடு மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்: இது போதும். நன்றாக இருந்தவர் கை பெரிதாக நடுங்கி, நாக்குக் குழறி, தள்ளாடி வருவார். குடித்திருக்கிறார் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ரத்தம் எடுங்கள், கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுப்பதுதான் வழக்கம், ஆனால் விஷமேறிய சந்தேகம் இருந்தால் உடனே. லித்தியம் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிமோலுக்கு மேல் போனாலே பயப்படுங்கள். பச்சை மூடிக் குழாயில் எடுக்காதீர்கள், அதில் இருக்கிற ஹெப்பாரினே பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின். அந்தக் குழாயால் இல்லாத விஷத்தைக் கண்டுபிடித்து ஒரு ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறோம், சிரிக்காதீர்கள்.

அப்புறம் சாமி. எங்களிடம் வருகிறவர்களில் பலர் புளியம்பட்டி அந்தோணியார் கோவிலுக்கோ பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கோ போய்விட்டுத்தான் வருவார்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கிற டாக்டரிடம் மறுபடி உண்மை சொல்ல மாட்டார்கள். சாமி வருவது தன்னளவில் நோய் இல்லை. கோவில் கொடைத் திருவிழாவில் நடுச்சாமத்தில் மேளம் உச்சத்துக்குப் போகும்போது சாமியாடும் கோமரத்தாடிக்குச் சுடலைமாடன் வரும், திருநீறு போட்டதும் இறங்கும், மறுநாள் அவர் கடையைத் திறந்து வியாபாரம் பார்ப்பார். நான் கேட்பது இதுதான்: “கொடையிலதான் வருமா, ரேஷன் கடை வரிசையிலயும் வருமா?” நேரம் கெட்டு, விருப்பம் இல்லாமல், வேலையைக் கெடுத்து வந்தால் அது எங்கள் வேலை. இருபது வயதுப் பெண்ணுக்குப் புதிதாக வந்து, வாய் தானாக மென்றுகொண்டே, வலிப்பும் சேர்ந்தால் அது எங்கள் வேலை மட்டும் இல்லை, நரம்பியல் டாக்டரையும் அப்போதே கூப்பிடுங்கள், என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரான மூளையழற்சி என்று 2007இல் தால்மாவ் குழுவினர் விவரித்த நோய் அப்படித்தான் வரும். சங்கிலி மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். உங்களில் பலர் அதன் பிறகு பிறந்தவர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

வார்த்தை விஷயத்தில் ஒரு சின்ன வேண்டுகோள். ‘மனச்சோர்வு உண்டா’ என்று யாரிடமும் கேட்காதீர்கள், அது எங்கள் புத்தகத்துத் தமிழ். நெஞ்சு படபடப்பு, தலை கிறுகிறுப்பு, உடம்பெல்லாம் எரிச்சல், ‘ஒரு மாதிரியா வருது’ என்றுதான் வருவார்கள். நான்கு டாக்டர் பார்த்து ஸ்கேன் வரை எடுத்த பையைக் கையில் வைத்திருப்பார்கள். தூக்கம் எத்தனை மணிக்குக் கலைகிறது, பேரப்பிள்ளை வந்தால் சந்தோஷம் வருகிறதா என்று கேளுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.

திசையன்விளை அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். அந்த வருஷம் காளி வேஷம் கட்டவில்லை, அடுத்த வருஷம் கட்டினார். அதன் பிறகும் இடையிடையே குடிக்கிறார், மறைக்கிற ஆள் இல்லை. ஆனால் மாலை போடுகிற வருஷமெல்லாம் ஆடி பிறந்ததும் என்னிடம் வந்துவிடுவார். பத்து நாள் மாத்திரையோடு படிப்படியாக நிறுத்திவிட்டு, பிறகுதான் மாலை. போன ஆடியில் அவரோடு மைத்துனரும், தெருக்காரர் இரண்டு பேரும் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். மைத்துனர் எழுந்து, “எப்போ கடைசியா குடிச்சேன்னு கேப்பியளாமே, நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு” என்றார்.