முதியோர் இல்லம் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியையும், உன் மூட்டுவலி சற்றுத் தணிந்ததையும் படித்து மகிழ்ந்தேன். ஆனால் உன் மாமியாரைச் சேர்ப்பதற்கு முதியோர் இல்லம் தேடிவருவதாக நீ எழுதியிருந்த பத்தியைத்தான் மூன்று முறை படித்தேன். அதனால், இதுவரை உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

என் சித்தியை நாங்கள் இரண்டாண்டுகள் ஓர் இல்லத்தில் வைத்திருந்தோம். வாசலில் துளசி மாடம், கழுவித் துடைத்த கூடம், மாதந்தவறாமல் ரசீது என்று எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஞாயிறுதோறும் பதினோரு மணிக்குப் போவேன்; தலைசீவிப் பொட்டு வைத்து, நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். "நன்றாகத்தான் இருக்கிறேன், நீ வீணாக அலையாதே" என்பார் சித்தி. ஒருமுறை மருந்துச் சீட்டைக் கொடுக்க மறந்துவிட்டதால், புதன்கிழமை மாலை சொல்லாமல் போனேன். உதடு வெடித்து, நாக்கு வறண்டு, பேச்சுக் குழறிப் படுத்திருந்தார். தண்ணீர் டம்ளர் இருந்தது. ஆனால் அவர் கைக்கு எட்டாத சன்னல் விளிம்பில் இருந்தது. நைட்டியை மாற்றுவதற்காக ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது, வால் எலும்பின் மேல் உள்ளங்கை அளவுக்குப் படுக்கைப்புண், சதை குழிவிழுந்து நாற்றமடித்துக்கொண்டிருந்தது.

தோல் முதலில் சிவக்குமாம். விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு மறையாதாம். அப்போதே கவனித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்று மருத்துவர் சொன்னபோது, அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் பொட்டை மட்டுமே பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

ஆகவே நீ கட்டடத்தைப் பார்க்காதே, உடம்பைப் பார். குதிகால், இடுப்பு, முதுகு ஆகியவற்றைப் பார். மேற்கையில் விரல் பதிந்தது போன்ற கன்றல், மணிக்கட்டில் கட்டிய தடம், ரவிக்கை தொளதொளக்கும் அளவுக்கு இளைப்பு, காணாமற்போன பல்செட், பகலெல்லாம் தீராத மயக்கம் ஆகிய எதையும் "வயதாகிவிட்டது" என்று ஒதுக்கிவிடாதே. மயக்கமாக இருந்தால், என்ன மாத்திரை கொடுக்கிறார்கள், யார் எழுதிக்கொடுத்தது என்று கேள். ஊழியர் அருகில் வந்ததும் அத்தை பேச்சை நிறுத்தினால், தனியாகப் பேச இடம் கேள். தர மறுத்தால் அதுவே போதுமான பதில். தினமும் அங்கேயே இருக்க வேண்டியவர்கள் குறை சொல்ல அஞ்சுவார்கள். சித்தியும் அப்படித்தான் அஞ்சியிருக்கிறார்.

அன்று நான் முதலில் ஆயாவிடம்தான் சத்தம் போட்டேன். அது தவறு. இரவில் பதினான்கு பேருக்கு அவர் ஒருவர்தான் என்பது பிறகே தெரிந்தது. ஆளைக் குறைத்துப் பணம் சேர்த்தவர்கள் அலுவலக அறையில் இருந்தார்கள். உனக்கு அப்படி எதுவும் நேர வேண்டாம். நேர்ந்தால், முதலில் மருத்துவமனைக்குக் கொண்டுபோ. புண்ணைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள். இல்லத்தில் கொடுக்கும் புகாருக்குக் கையொப்பமிட்ட நகல் வாங்கு. முதியோர் உதவி எண் 14567 கட்டணமில்லாதது. மாவட்டச் சமூகநல அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். அடித்திருந்தாலோ கட்டிவைத்திருந்தாலோ காவல் நிலையத்துக்கே போய்விடு.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. ஆனால் அது பெரிதும் பிள்ளைகளின் கடமையைப் பற்றியே பேசுகிறது. இல்லங்களைப் பதிவு செய்து, அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்க 2019இல் மக்களவையில் கொண்டுவந்த திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சித்தி இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறார். புண் ஆற ஐந்து மாதமானது. உனக்கு இல்லத்தைத் தவிர வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்காக நீ குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. நீ பார்த்துவைத்திருக்கும் இரண்டு இடங்களின் முகவரியையும் எழுது. அடுத்த வாரம் புறப்பட்டு வருகிறேன். இரவுச் சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல், இருவருமாகப் போய்ப் பார்ப்போம்.

என்றும் அன்புடன்,
உன் தோழி