காரில் ரேடியோ வைக்கப்போகிற மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்காக வானலையில் பேசிக்கொள்வது) பேச லைசென்ஸும், உன்னை அடையாளம் காட்டும் கால்சைனும் வந்துவிட்டன, இனி காரிலும் ஒரு ரேடியோ வைக்கப்போகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கையில் வேலையே ஓடவில்லை. ஆனால் அடுத்த வரியில், "இப்போதைக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிக்கொள்கிறேன்" என்றிருந்ததே, அதற்காகத்தான் போனில் இரண்டு வார்த்தை சொல்லி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். அதை மட்டும் செய்யாதே.

உன்னுடையது 50 வாட் ரேடியோ. மைக் பொத்தானை அழுத்தியதும் 10, 12 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சாக்கெட்டுக்குப் போகிற ஒயர் மெல்லியது. ஃப்யூஸ் தாங்கினாலும் செருகிய இடம் சூடாகும். வழியில் கால் ஓம் தடை இருந்தாலே போதும், 12 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் அங்கேயே போய்விடும். 13.8 வோல்ட்டுக்காகச் செய்த ரேடியோவுக்கு 11 வோல்ட்கூட வந்து சேராது. பேச்சு சிதறும், சில நேரம் ரேடியோ தானே அணைந்துவிடும்.

அதனால் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழு. பாசிட்டிவ் ஒயரில் ஒரு ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். ரேடியோ பக்கத்தில்தான் ஏற்கெனவே ஃப்யூஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதே. இஞ்சின் அறைக்கும் நீ உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தகரச் சுவர் உண்டு. ஒயர் அதில் ஒரு ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும். அந்த ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், வண்டி அதிர அதிர தகர விளிம்பு ஒயரின் மேலுறையை நாளடைவில் அறுத்துவிடும். செம்பு பாடியில் பட்ட நொடியில் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் முழுக்கப் பழுத்துத் தீப்பிடிக்கும். ரேடியோ பக்கத்து ஃப்யூஸுக்கு அது தெரியவே தெரியாது. மின்சாரம் அதுவரை போனால்தானே? ஃப்யூஸ் அளவும் ரேடியோவோடு வந்த ஒயரில் இருப்பதைவிட அதிகமாகப் போடாதே.

நெகட்டிவ் விஷயத்தில் ஒன்று. புது வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சின்னதாக ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். உன் வண்டியில் அது இருந்தால் கறுப்பு ஒயரை முனையில் மாட்டாதே. பேட்டரியின் கறுப்பு கேபிள் பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தில் மாட்டு. இல்லாவிட்டால் நீ இழுக்கும் கரண்ட் அந்த சென்சாரின் கணக்கில் வராது. அப்புறம், நேராகப் பேட்டரியில் மாட்டிய ரேடியோ சாவியை எடுத்தாலும் அணையாது. இறங்கும்போது அணைக்கப் பழகிக்கொள்.

ஆன்டெனாவுக்குக் கூரையின் நடுதான் நல்ல இடம். 2 மீட்டர் பேண்டுக்கு, அதாவது அலைநீளம் 2 மீட்டர் அளவுள்ள அலைவரிசைகளுக்கு, கால் அலை ஆன்டெனா சுமார் 49 செ.மீ. தான், வண்டியின் கூரை அதற்கு மறுபாதி. ஓரத்தில் வைத்தால் எந்தப் பக்கம் தகரம் அதிகமோ அந்தப் பக்கம்தான் சிக்னல் நன்றாகப் போகும். காந்த அடிப்பாகம் என்றால் முதலில் கூரையையும் காந்தத்தையும் துடை. நடுவில் ஒரு மணல் துகள் இருந்தால் பெயின்ட் போச்சு. எடுக்கும்போது இழுக்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்கு. ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிள் கதவில் நசுங்காமல் பார்த்துக்கொள்.

எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் பவர் ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவு) பார்க்கும்போது சுவர் எதுவும் பக்கத்தில் இல்லாத வெட்டவெளியில் கதவுகளைச் சாத்திவிட்டுப் பார். 1.5க்குக் கீழே இருந்தால் திருப்தி. பேண்டின் கீழ்முனையில் குறைவாகவும் மேல்முனையில் அதிகமாகவும் காட்டினால் ஆன்டெனா நீளமாக இருக்கிறது, கொஞ்சம் வெட்டிக் குறை. ஒரே வெட்டாக வெட்டிவிடாதே, இரண்டு மூன்று மில்லிமீட்டராகப் போ. வெட்டியதை ஒட்ட முடியாது.

இஞ்சினைக் கிளப்பியதும் ஸ்பீக்கரில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்து, ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கினால் அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். ஆன்டெனாவைக் கழற்றிப் பார். சத்தம் நின்றால் ஆன்டெனா வழியாக வருகிறது, நிற்காவிட்டால் பவர் ஒயர் வழியாக. எந்த வழி என்று தெரிந்தபிறகு ஃபில்டர் வாங்கு, அதற்கு முன்னால் வேண்டாம்.

எச்.எஃப். (இதைவிட நீண்ட அலைகளில் பேசுவது) பற்றிக் கேட்டிருந்தாய். 40 மீட்டரில் கால் அலையே 10 மீட்டர் நீளம், வண்டியில் காயில் வைத்துச் சுருக்கித்தான் ஆகவேண்டும். அதில் நிறைய பவர் வெப்பமாகவே போகும். அது பிறகு, முதலில் இதை முடி.

ரேடியோவை ஏர்பேக் விரியும் இடத்தில் எங்கும் வைக்காதே, இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. முகப்பு தனியாகக் கழலும் என்றால் பெட்டியை இருக்கைக்கு அடியில் காற்றோட்டமாக வைத்து, முகப்பை மட்டும் கண்ணுக்கு நேரே வை. ரிப்பீட்டர்களின் (சிக்னலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் நிலையங்கள்) அலைவரிசைகளையெல்லாம் வீட்டிலேயே மெமரியில் போட்டுவிடு. ஓட்டும்போது அலைவரிசை தேடவேண்டாம். நெரிசலில் யாராவது அழைத்தால் பதில் சொல்லாமலே இரு. அவர்களும் ஹாம்கள்தான், புரிந்துகொள்வார்கள்.

போன் டவர் எட்டாத சாலையில் நீ தனியாகப் போகிறாய் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கவலை. ரேடியோ ஒழுங்காக வேலை செய்தால் அது பாதி குறையும். ஒயர் இழுத்து முடித்ததும் பானெட்டைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கவேண்டும்.

88 (ஹாம் பாஷையில் அன்பும் முத்தமும்),
அம்மா