அது ஒரே பருவத்தில் வந்த வெற்றி அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டத்தை, பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். நூறாண்டு கண்ட பெரிய அணிகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், சான் அன்டோனியோவில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழக அணி கோப்பை வென்ற 2021 பருவத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். அதுவும் திடீர் அதிர்ஷ்டம் என்ற தொனியில். அந்த வரி என்னை மிகவும் வருத்தியது.

நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவள். 2007 செப்டம்பரில் மாணவர்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கால்பந்து அணி தொடங்குவதற்காக, ஒவ்வொரு மாணவரும் செலுத்தும் விளையாட்டுக் கட்டணத்தை உயர்த்தலாமா என்பதே கேள்வி. அப்போது அணி என்று ஒன்று இல்லை. பயிற்சியாளர் இல்லை, சீருடை இல்லை, ஒரு பந்துகூட இல்லை. முதல் ஆட்டம் நடப்பதற்குள் எங்களில் பெரும்பாலோர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊரை விட்டே போயிருப்போம் என்பது வாக்களிக்கும்போதே தெரியும். நூலகத்தில் மணிக்கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்கிய நான் இரண்டு நாள் யோசித்துத்தான் ஆதரித்து வாக்களித்தேன். என் அறைத்தோழி எதிர்த்து வாக்களித்தாள். அவள் நிலையில் அது நியாயமும்கூட. கடைசியில் ஆதரவு வாக்குகளே அதிகம். தாங்கள் பார்க்கப்போகாத ஆட்டத்துக்கு மாணவர்கள் பணம் கட்டச் சம்மதித்தார்கள். கட்டுரையாளர் அறிய வேண்டிய முதல் செய்தி இதுதான்.

இந்த நகரத்தின் ஏக்கத்தையும் சொல்ல வேண்டும். தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்று வந்து சேரும் என்ற நம்பிக்கையில் 1993-இல் அலமோடோம் என்ற மாபெரும் உள்ளரங்கத்தை இங்கே கட்டித் திறந்தார்கள். அணி வரவே இல்லை. 2005-இல் கத்ரீனா புயலால் வீடிழந்த நியூ ஆர்லியன்ஸ் அணி மூன்று ஆட்டங்களை இங்கே ஆடிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. கல்யாண மண்டபத்தைக் கட்டி வைத்துவிட்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருந்த கதை.

அந்த அரங்கத்துக்குள் 2011 செப்டம்பர் 3 அன்று எங்கள் அணி முதன்முதலாக இறங்கியது. பெயர் ரோட்ரன்னர்ஸ். புதர்க்காட்டில் தரையிலேயே ஓடித் திரியும் பறவை அது, நம் ஊர்ச் செம்போத்துக்கு உறவு. அன்று வந்தவர்கள் 56,743 பேர். அதற்கு முன் ஒரு வெற்றிகூடப் பெற்றிராத, பெற முடியுமா என்றே தெரியாத அணிக்கு அத்தனை பேர்! மியாமி அணியை 2001-இல் தேசிய வாகையராக்கிய லாரி கோக்கர்தான் முதல் பயிற்சியாளர். முதல் பருவத்தில் நான்கு வெற்றி, ஆறு தோல்வி. அடுத்த ஆண்டு எட்டு வெற்றி. பிறகு ஏற்றமும் இறக்கமுமாகப் போய், 2019-இல் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி என்று முடிந்தது. அந்த ஆண்டுகளில் அரங்கத்தின் மேல்வரிசைகள் காலியாகக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

அதன்பின் வந்தவர் ஜெஃப் டிரெய்லர். கில்மர் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் பயிற்சியளித்தவர். உள்ளூர்ப் பிள்ளைகளை நம்பியவர். பந்தை ஏந்தி ஓடும் ஓட்டக்காரர் சின்சியர் மெக்கார்மிக், நகரத்தை ஒட்டிய கன்வெர்ஸில் பள்ளி ஆட்டம் ஆடியவர். சக வீரர்களுக்குப் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் பந்தெறிபவர் ஃபிராங்க் ஹாரிஸ் பக்கத்து ஊரான ஷெர்ட்ஸில் வளர்ந்தவர், இடக்கைக்காரர். முழங்கால் காயங்களால் பருவங்களையே இழந்தும் விலகிப் போகாதவர்.

2021-இல் இல்லினாய் அணியை அதன் மண்ணிலேயே வென்று தொடங்கினார்கள். மெம்பிஸில் 21 புள்ளிகள் பின்தங்கியிருந்து மீண்டு 31-28 என்று வென்றார்கள். அக்டோபரில், வரலாற்றில் முதன்முறையாக, நாட்டின் முதல் 25 அணிகளின் பட்டியலில் இடம் கிடைத்தது. பெரிய பல்கலைக்கழகங்களின் பார்வை டிரெய்லர் மேல் விழத் தொடங்கிய நேரத்தில், அக்டோபர் கடைசியில், 2031 வரை இங்கேயே இருக்க ஒப்பந்தம் செய்துகொண்டார். எனக்கு அது ஒரு கோப்பைக்குச் சமம்.

நவம்பர் 20 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் அணியோடு நடந்த ஆட்டத்துக்குப் போயிருந்தேன். நான்கு புள்ளிகள் பின்தங்கியிருக்கிறோம். பந்தைக் கொண்டுசேர்த்தால் புள்ளிகள் கிடைக்கும் எல்லைக்கு ஒரு கெஜம், கடிகாரத்தில் சில வினாடிகள். ஹாரிஸ் எறிந்த பந்து கைகளில் பட்டுத் தெறித்தது. போயிற்று என்று நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது ஆஸ்கார் கார்டெனாஸ் அதைப் பிடித்திருந்தார். மிச்சம் மூன்று வினாடிகள். 34-31. முன்பின் தெரியாத ஒரு மெக்சிகப் பாட்டி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன்.

அடுத்த வாரம் டென்டன் நகரில் மழையில் வடக்கு டெக்சாஸ் அணியிடம் 45-23 என்று தோற்றோம். தொடர்ந்து 11 வெற்றிகளுக்குப் பின் வந்த முதல் தோல்வி. கட்டுரையாளர் இதை மட்டும் மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார்! ஆனால் ஆறே நாளில் நடந்ததைச் சொல்லவில்லை. டிசம்பர் 3 அன்று, அந்தப் பருவத்தில் பந்தெறிதல் சாதனைகளை முறியடித்துக்கொண்டிருந்த பெய்லி ஜாப்பியின் மேற்குக் கென்டக்கி அணியை 49-41 என்று வென்று தங்கள் பிரிவைச் சேர்ந்த அணிகளுக்கான மண்டலக் கோப்பையைக் கைப்பற்றினார்கள். மெக்கார்மிக் அன்று மட்டும் 204 கெஜம் ஓடினார். பருவ முடிவில், நன்றாக ஆடிய அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டங்களில் ஒன்றான ஃபிரிஸ்கோ பவுலில் தோற்றது உண்மைதான். ஆனாலும் 12 வெற்றி, 2 தோல்வி என்பது பதினோராவது பருவத்தை ஆடிய அணியின் கணக்கு. அடுத்த ஆண்டும் அதே கோப்பையை வென்றார்கள். அதிர்ஷ்டம் என்றால் இரண்டாம் முறையும் அதே வாசலுக்கா வரும்?

டிசம்பர் 3 இரவு என் பக்கத்து இருக்கையில் இருந்தது, 2007-இல் எதிர்த்து வாக்களித்த அந்த அறைத்தோழிதான். டல்லாஸிலிருந்து ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தாள்.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தமாவது வெளியிடுங்கள். பக்கத்தில் இடம் குறைவு என்றால் புள்ளி விவரங்களை விட்டுவிடலாம். அந்த 2007 வாக்கெடுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சான் அன்டோனியோ, டெக்சாஸ்