அந்த 340 ரூபாய்

அன்பு மகளுக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில்தான் தாங்கவில்லை, அது ஒன்றும் புதுசில்லை. போனில் சொல்ல வாய் வராத விஷயம் என்பதால் காகிதத்தை எடுத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் நானே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன்.

கௌன் பனேகா குரோர்பதி என்கிற ஹிந்தி டிவி போட்டியின் பெயரில் 25 லட்சம் பரிசு விழுந்திருப்பதாக வந்த மெசேஜை நான் உடனே அழித்ததற்கு, "நைனா ரொம்ப உஷார்" என்று போன வாரம் மெச்சினாய். அம்மா அதைச் சத்துவாச்சாரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அந்த உஷார் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாளாக எனக்கோ தூக்கம் பிடிக்கவில்லை.

2012 ஞாபகம் இருக்கிறதா? நீ பிளஸ் டூ. ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது. குடியாத்தம் வண்டியை டிப்போவில் விட்டு, கலெக்‌ஷன் கட்டிவிட்டு நான் வீடு வந்து சேரப் பதினொன்றாகிவிடும். நீயும் அம்மாவும் மாடியில் பாய் போட்டுப் படுத்திருப்பீர்கள். சாப்பிட்டுவிட்டு, கவர்மென்ட் கொடுத்த அந்தச் சின்ன டிவியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு உட்காருவேன்.

ஒரு சேனலில், பெயர் வேண்டாம், அந்த நேரத்துக்கு ஒரு போட்டி வரும். ஒரு பெண், பின்னால் ஒரு படம், கீழே ஒரு போன் நம்பர். அவ்வளவுதான் மொத்தச் செலவும். படத்தில் மேல் பாதி ஒரு நடிகர், கீழ்ப் பாதி இன்னொருவர். அன்றைக்குக் கண்ணும் நெற்றியும் ஜெய்சங்கர், வாயும் மோவாயும் ரவிச்சந்திரன். டூரிங் டாக்கீஸ் தரையில் உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு இது ஒரு கேள்வியா? ஆனால் லைனில் வந்த ஒருவர் "எம்.ஜி.ஆரும் நாகேஷும்" என்றார். அடுத்தவர் "ரஜினி" என்று ஒரே பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "பத்தாயிரம் ரூபாய் காத்துக்கிட்டிருக்கு, யாருமே கூப்பிட மாட்டேங்கிறீங்களே!" என்று கத்தினாள். கடிகாரம் வேறு 30, 29 என்று இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தப்பான பதில்களெல்லாம் நேயர்கள் சொன்னதுதானா என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கை துறுதுறுத்தது.

போட்டேன். யாருமே கூப்பிடவில்லை என்றாளே, எனக்கு லைன் உடனே கிடைத்தது. ஆனால் பேசியது ஒரு ரெக்கார்டு குரல். இந்தியாவின் தலைநகரம் எது, டெல்லி என்றால் ஒன்றை அழுத்து, சென்னை என்றால் இரண்டை அழுத்து என்றது. அழுத்தினேன். அடுத்த கேள்வி. அதற்கப்புறம் "காத்திருக்கவும்" என்று ஒரு மியூசிக். திரையில் அந்தப் பெண் இன்னமும் "ஒருத்தர்கூட இல்லையா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். எறும்பு ஊர்கிற மாதிரி அடியில் ஓடிய எழுத்தில் நிமிடத்துக்குப் பத்து ரூபாய் என்று போட்டிருந்ததை மூன்றாம் நாள்தான் படித்தேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் நாள் நான் லைனில் இருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. டிவி இருண்டுவிட்டது. போனில் மட்டும் அந்த மியூசிக் பாடிக்கொண்டே இருந்தது. நான் வைக்கவில்லை கண்ணு. எந்த நிமிடமும் பேசுவாள் என்று இருட்டிலே, காது சுட, ஜெய்சங்கர் ரவிச்சந்திரன், ஜெய்சங்கர் ரவிச்சந்திரன் என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தேன். பேலன்ஸ் தீர்ந்து லைன் தானாகவே அறுந்தது.

நான்கு ராத்திரியில் 340 ரூபாய். பஸ்ஸில் எட்டணா குறைந்தாலும் விடாதவன் நான். இப்போது எனக்குப் புரிகிறது. அந்த வண்டி ஸ்டாண்டை விட்டுக் கிளம்பவே கிளம்பாது. ஏறினவன் ஒவ்வொருவனுக்கும் டிக்கெட் மட்டும் கிழித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே ஒருவனுக்குப் பத்தாயிரம் கொடுத்தாலும் கலெக்‌ஷன் மிச்சம்.

ஐந்தாம் நாள் அம்மா போனை எடுத்துப் பார்த்துவிட்டு, ரீசார்ஜ் பண்ணின காசெல்லாம் எங்கே என்று கேட்டாள். நான் உன்னைப் பார்த்தேன். "எந்நேரமும் சிநேகிதியோட பேச்சு" என்று சத்தம் போட்டேன். நீ ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அன்றிலிருந்து என் போனைத் தொடவே இல்லை. ஒரு வாரம் கழித்து, முக்குக் கடையில் தொங்கின சிவப்புக் காயின் போனில் ஒற்றை ரூபாயைப் போட்டுவிட்டு, இன்னொரு ரூபாயை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நீ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். யூனிபார்மோடு நின்றிருந்தாய். நான் சைக்கிளை வேறு தெருவில் திருப்பிவிட்டேன்.

உன் ஜெர்மனியிலும் நைன் லைவ் என்று இதற்காகவே ஒரு சேனல் இருந்ததாம். 2001-ல் ஆரம்பித்து 2011-ல் மூடினார்களாம், ஒரு போன் காலுக்கு ஐம்பது சென்ட். போன மாதம் உன் வீட்டுக்கார அம்மாளும் அதில் காசு விட்டதாகச் சொல்லி நீ சிரித்தாய், நானும் கூடவே சிரித்தேன். இங்கே கௌன் பனேகா குரோர்பதி பார்க்கிறவர்களுக்கென்று 2007-ல் நடத்தின எஸ்எம்எஸ் போட்டிகூடக் கோர்ட்டு வரை போயிருக்கிறது. ஒரு எஸ்எம்எஸ் 2 ரூபாய் 40 பைசா. பரிசே அந்த எஸ்எம்எஸ் காசிலிருந்துதான் போகிறது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் ஒரு கோடி அபராதம் போட்டது. அதற்கு ஆதாரமில்லை என்று பிற்பாடு சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்துவிட்டது. சரி, அது பெரிய இடத்து வழக்கு. நம் வீட்டு வழக்கில் ஆதாரம் எல்லாம் என் கையில்தான் இருந்தது, தண்டனை உனக்குப் போனது.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கோட்டைக்குள்ளே ஜலகண்டேஸ்வரரைப் பார்க்கப் போய்விடுவாள், திரும்ப எட்டாகும். அந்த நேரத்தில் கூப்பிடு, நான் மட்டும்தான் இருப்பேன். உனக்கு என்னென்ன கேட்கவேண்டுமோ கேள். நடுவில் வைக்க மாட்டேன்.

உன் நைனா