எம்ஆர்ஐ எடுக்கும் முன்னால்

அன்பு பாப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை முழங்காலுக்கு எம்ஆர்ஐ என்று மாப்பிள்ளை சொன்னார். எக்ஸ்ரேதான் எடுத்தாச்சே, இது எதற்கு என்று கேட்டாயாம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். உனக்கு அறுந்தது ஜவ்வு. ஏசிஎல் என்கிற அந்த முட்டி ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டதா, முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறதா, கிழிந்ததைத் தைக்க முடியுமா என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் கணக்குப் போடுவது இந்தப் படத்தை வைத்துத்தான்.

இத்தனை வருஷம் ஸ்கேன் அறையில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், கேள். எம்ஆர்ஐ மெஷினுக்குள் பெரிய காந்தம் இருக்கிறது, அது ஸ்கேன் ஓடாத நேரத்திலும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். திரவ ஹீலியத்தில் குளிர்ந்து கிடக்கும் கம்பிச்சுருள் அது, ஃபேன் மாதிரி சுவிட்சைப் போட்டு நிறுத்த முடியாது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மாநகராட்சி மருத்துவமனையில், சொந்தக்கார நோயாளிக்காக ஆக்ஸிஜன் சிலிண்டரோடு உள்ளே போன இளைஞரை அது இழுத்துக்கொண்டது. பாவம், உயிரே போய்விட்டது. அதனால் மாப்பிள்ளை உன்னைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாலும் கதவோடு நின்றுகொள்ளட்டும். ஊன்றுகோலும் வெளியிலேயே இருக்கட்டும். உள்ளே போக காந்தம் இழுக்காத சக்கர நாற்காலி அவர்களிடமே இருக்கும்.

தாலிச் செயினை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போ. தங்கத்தைக் காந்தம் இழுக்காதுதான், ஆனால் அதில் நீ கோத்து வைத்திருக்கிற ஊக்குகளை இழுக்கும். மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கோத்துக் கட்டிக்கொள். அத்தை ஏதாவது சொன்னால் என்னிடம் பேசச் சொல், நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். மெட்டி, மூக்குத்தி, ஹேர்பின் எதுவும் வேண்டாம். ஜரிகை வைத்த துணியும் வேண்டாம், ஜரிகையில் உலோகம் இருக்கிறது, சூடேறலாம்.

படிவத்தில் கேட்பதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்லணும். கருத்தடைக்குப் போட்ட காப்பர் டி இருப்பதையும் சொல். பெரும்பாலும் அதனால் தொந்தரவு வராது, ஆனாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கணும். சொல்லக் கூச்சப்பட்டு நின்ற எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கையில் வைத்த பிளேட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மருந்து ஏற்றுவதாகவோ மயக்கம் கொடுப்பதாகவோ சொல்லியிருந்தால் மட்டும் அவர்கள் சொன்னபடி செய். இல்லையென்றால் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். உள்ளே போகும் முன் ஒன்றுக்குப் போய்விட்டு வந்துவிடு, அரைமணி நேரம் வரை ஆகலாம்.

முழங்கால் ஸ்கேன் என்றால் காலைத்தான் முதலில் உள்ளே விடுவார்கள், தலை பெரும்பாலும் வெளியே இருக்கும், பயப்படாதே. சத்தம் பெரிதாக இருக்கும். காதுக்கு அடைப்பான் தருவார்கள், ஏதாவது என்றால் அழுத்திக் கூப்பிட கையில் ஒரு பஸ்ஸரும் தருவார்கள். கால் கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிப்போகும், மறுபடி எடுக்கணும். வலியைப் பொறுத்துக்கொண்டு படுக்காதே. தொடங்குவதற்கு முன்பே கேள், முட்டிக்கு அடியில் மெத்தை வைத்துத் தோதாகப் படுக்க வைப்பார்கள்.

பழைய எக்ஸ்ரேயை மறக்காமல் எடுத்துக்கொள். ரிப்போர்ட்டோடு சிடியையும் கேட்டு வாங்கு, டாக்டர் படத்தைத் தானே பார்க்க விரும்புவார். சனிக்கிழமை வைகையில் கிளம்பி வருகிறேன். டாக்டரிடம் போகும்போது நானும் கூட வருவேன்.

அன்புடன்,
அம்மா