கோல் விழுந்தபோது வந்த குரல்

அன்பு மகள் யாழினிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய வர்ணனைப் பதிவைக் கேட்டோம். ஆட்டம் நன்றாகப் புரிந்தது, உன்னைத்தான் அடையாளம் தெரியவில்லை. "யாரு இந்த வெள்ளைக்காரப் பொண்ணு?" என்று பாட்டியே கேட்டுவிட்டார். உச்சரிப்பை மாற்றிக்கொள் என்று உங்கள் பல்கலைக்கழக வானொலியில் ஒருவர் சொன்னாராமே. அதற்காகக் குரலையே மாற்ற வேண்டியதில்லை.

பிபிசியில் மேட்டுக்குடி ஆங்கிலமே கோலோச்சிய காலத்தில், 1946-இல், ஜான் ஆர்லட் ஹாம்ப்ஷயர் நாட்டுப்புறப் பேச்சோடு கிரிக்கெட் வர்ணனைக்கு வந்தார். அதற்கு முன் போலீஸ்காரர். 1980-இல் லார்ட்ஸில் அவர் கடைசி டெஸ்ட் வர்ணனையை முடித்தபோது மைதானத்தில் இருந்த ஆட்டக்காரர்களே கைதட்டினார்கள். நீ இருக்கும் நாட்டுக் கிரிக்கெட் வர்ணனையாளர் ரிச்சி பெனோவும் தன் ஆஸ்திரேலியப் பேச்சோடுதான் 2005 வரை இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் பேசினார்.

இங்கே உன் தம்பி வேறு ரகம். தமிழ் வர்ணனையோடு ஐபிஎல் துண்டுக் காட்சிகளைப் பார்த்துப் பார்த்துச் சென்னைக்காரனாகிவிட்டான். சிக்ஸர் பறந்தால் "வேற லெவல்!" என்று கத்துகிறான். அடுத்த நிமிடமே அம்மாவிடம், "மீ கோரெங் தாப்பாவ் பண்ணலையா லா?" என்று நம் ஊர்ப் பேச்சில் நூடுல்ஸ் பொட்டலம் கேட்கிறான். அவனைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அது போட்டுக் கழற்றுகிற சட்டை.

நீ ஒவ்வொரு வாக்கியத்தையும் கேள்வி கேட்பதுபோல மேலே தூக்கி முடிக்கிறாய். அங்குள்ள இளையவர்கள் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள், தெரியும். தானாக ஒட்டிக்கொண்டால் சரி, இருக்கட்டும். ஆனால் நீ வலிந்து செய்கிறாய். எப்படித் தெரியும் என்கிறாயா? இரண்டாவது கோல் விழுந்தபோது எல்லாம் மறந்துபோய் நம் பட்டர்வொர்த் குரலில் கத்தினாய் பார், பதிவிலேயே அதுதான் நல்ல இடம். அஸ்புல்லா அவாங்கின் மலாய் வர்ணனை கேட்டுப் பழகிய காது இது, சும்மா சொல்லவில்லை.

அந்த வானொலி மனிதர் சொன்னதில் பாதி நியாயமும் இருக்கிறது. அவசரத்தில் சொற்களின் கடைசி எழுத்தை விழுங்குகிறாய். நம் ஊர் ஆங்கிலத்தில் பலருக்கும் உள்ளதுதான், ஆனால் ஆட்டக்காரர் பெயர் தெளிவாக விழ வேண்டும். அதை மட்டும் திருத்திக்கொள். முந்தின இரவே பெயர்ப் பட்டியலை வாய்விட்டுப் படி. மற்றதை விட்டுவிடு.

அடுத்த ஆட்டம் எப்போது? பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தானே, இணையத்தில் நேரலையாகவே கேட்கிறோம். சனிக்கிழமை மாலை என்றால் எனக்கு வசதி.

அன்புடன்,
அப்பா
பட்டர்வொர்த், பினாங்கு